கம்ப்யூட்டர் பைப் ஆர்கன் செட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பங்கில் கோயிலுக்குக் கம்ப்யூட்டர் பைப் ஆர்கன் வாங்கப் பேசிக்கொண்டிருப்பதாகப் பாடகர் குழு நண்பர் ஒருவர் சொன்னார். கொட்டேஷன் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினார். பார்த்தால், என்னை ஏமாற்றியவர் எனக்குக் கொடுத்த அதே தாள். "32 ஜிபி ரேம், 30 கட்டை பெடல், ஐரோப்பிய ஒரிஜினல் லைசென்ஸ்" என்ற வரிகூட எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கிறது. அதனால் உடனே எழுதுகிறேன். புகார் போய்க்கொண்டிருப்பதால் விற்றவர் பெயரை இங்கே போடவில்லை.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் இருப்பது போன்ற நிஜக் குழாய் ஆர்கனை வீட்டில் வைக்க வழியில்லை. அதற்கு மாற்றாகத்தான் இது. ஏதோ ஒரு ஐரோப்பியத் தேவாலயத்தில் மைக் வைத்து, அங்குள்ள ஆர்கனின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக ஒலிக்கவிட்டுப் பதிவு செய்கிறார்கள். சத்தம் கிளம்புவது, நிலையாக நிற்பது, கட்டையை விட்டதும் கோயிலுக்குள் கரைந்து போவது என மூன்றும் பதிவாகும். கரைகிற பகுதிக்கு ரிலீஸ் என்று பெயர். இந்தப் பதிவுகளின் தொகுப்பைத்தான் செட் என்கிறோம். நல்ல செட்டில் ஒரே குழாய்க்கு இரண்டு மூன்று ரிலீஸ் இருக்கும். தொட்டு எடுத்தால் கோயில் முழுக்கச் சத்தம் நிரம்பாது, எதிரொலி சீக்கிரம் அடங்கும். நீட்டிப் பிடித்துவிட்டால் நீளமாக இழுக்கும். எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்று பார்த்து, அதற்கேற்ற ரிலீஸை சாப்ட்வேர் எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான இந்தப் பதிவுகள் வாசிப்பதற்கு முன்பே ரேமில், அதாவது கம்ப்யூட்டரின் உடனடி நினைவகத்தில், ஏறி நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆர்கனில் ரேமைப் பற்றியே எல்லோரும் பேசுவது அதனால்தான்.

இதற்கான சாப்ட்வேரில் அதிகம் பேசப்படுவது இரண்டு. ஹாப்ட்வெர்க் காசு கொடுத்து வாங்குவது. கிராண்ட்ஆர்க் இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். பதிவு செட்களிலும் இப்படித்தான். பிராகாவின் சோனஸ் பாரடைசி மாதிரி விலைக்கு விற்பவர்களும் உண்டு, இலவசமாகக் கொடுப்பவர்களும் உண்டு. ஸ்வீடனின் புரேயோ தேவாலயத்து ஆர்கனை லார்ஸ் பாலோ என்பவர் பதிவு செய்து சும்மாவே கொடுக்கிறார். ஆஸ்திரியாவின் ஃப்ரீசாக் ஊர் ஆர்கனை பியோத்ர் கிரபோவ்ஸ்கி அப்படியே கொடுக்கிறார். இரண்டுமே நன்றாக இருக்கும். இலவசம் என்பதால் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி என் கதை. மொத்தம் 1,65,000 ரூபாய் கொடுத்தேன். அதில் 45,000 'ஆஸ்திரியா லைசென்ஸ்' கணக்கில். பேசும்போது விற்றவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார், கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. அதில் ஓடிய திரை ஹாப்ட்வெர்க்குடையது என்று இப்போது தெரிகிறது. "இதே சவுண்டுதான் சார் உங்களுக்கும்" என்றார். என் வீட்டில் வந்து இறங்கியது வேறு.

நான் குடியிருப்பது கோட்டையூரில், ஒரு செட்டியார் வீட்டின் பின்பாதியில். முற்றத்தைச் சுற்றிய வளவில் தரைக்கு ஆத்தங்குடிக் கல், சுவரில் வழுவழுவென்று சுண்ணாம்புப் பூச்சு, தேக்குத் தூண்கள். துணி, மெத்தை என்று சத்தத்தை உறிஞ்ச ஒன்றும் கிடையாது, கை தட்டினால் திரும்பிவரும். மெதுவான நற்கருணைப் பாட்டுக்குச் செட்டில் குறையே தெரியவில்லை. வேகமாக விரல் ஓடுகிற இடம் வந்தால் எல்லாம் சேறாகக் கலங்கியது. ஒரு சுரம் முடிவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் விழுந்தது. போன் போட்டுச் சொன்னேன்.

"உங்க வீட்டு வளவுல எக்கோ அடிக்குது சார். மெஷின்ல ஒண்ணும் இல்ல. கர்ட்டன் மாட்டுங்க, கார்ப்பெட் போடுங்க."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்த ஊர் வீடுகளின் எதிரொலி தெரிந்தவர் யாரும் மறுக்க மாட்டார். ஆனால் ஹெட்போன் மாட்டி வாசித்தபோதும் அதே கலங்கல். ஹெட்போனுக்குள் எந்த வளவு வந்தது? திரும்பவும் போன் செய்தால் "டிரைவர் அப்டேட் பண்ணணும் சார்" என்றார். அப்புறம் எடுப்பதே இல்லை.

எங்கள் பாடகர் குழுவில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். அவனைக் கூட்டிவந்து காட்டினேன். டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானுக்கு ஏதோ கதீட்ரல், புரொஃபஷனல் என்றெல்லாம் பெயர். அவன் அதைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் அபவுட் என்பதை அழுத்தினான். கிராண்ட்ஆர்க் என்று வந்தது.

"அண்ணே, இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. செட் இருந்த ஃபோல்டரைத் திறந்தால், ஃப்ரீசாக். அந்த 45,000 ரூபாய் லைசென்ஸ் இதுதான். அதன் சொந்தப் பெயரைக்கூட மாற்றவில்லை, ஐகான் பெயரை மாற்றினால் போதும் என்று விட்டுவிட்டார் போல.

அடுத்து டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி என்று இருக்கும். தாளில் 32 ஜிபி. திரையில் 8. விண்டோஸ் சாப்பிட்டது போக மீதியில் இந்தச் செட் முழுதாக ஏறாது. அப்படியென்றால் எப்படி ஓடுகிறது?

கிராண்ட்ஆர்க் செட்டிங்ஸைத் திறந்ததும் புரிந்தது. பதிவு தரம் 12 பிட். சேனல் மோனோ. ரிலீஸ் என்ற இடத்தில் 'ஒன்று மட்டும்'. சாம்பாரில் தண்ணீர் ஊற்றிப் பந்தியை ஒப்பேற்றிய கதைதான். 24 பிட்டை 12 ஆக்கியதால் சத்தம் அடங்குகிற இடத்தில் லேசான இரைச்சல். மோனோ ஆனதால் கோயிலின் விசாலமே காணாமல் போய்விட்டது. கலங்கலுக்குக் காரணம் அந்த மூன்றாவது செட்டிங். ஒரே ரிலீஸ் என்றால் நீளமான ரிலீஸ் மட்டும் நிற்கிறது. சுரத்தைத் தொட்டு எடுத்தாலும், அரை நிமிடம் பிடித்தது போல முழுக் கோயில் எதிரொலியும் பின்னால் வருகிறது. வேகமாக வாசித்தால் கலங்காமல் என்ன செய்யும்? பழி மட்டும் நூறு வருடத்துக்கு முன்னால் கட்டின வீட்டின் மேல்.

இந்த இடம்தான் எனக்கு ஆறவில்லை. ரேம் குறைவு என்று அவருக்குத் தெரியும். எதைக் குறைத்தால் ஓடும் என்றும் தெரியும். குறைத்ததால் வருகிற கோளாறுக்குச் சொல்ல ஒரு பதிலையும் கையில் வைத்திருக்கிறார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலால் வாசிக்கும் 30 கட்டை பெடல் என்றது, ஏதோ பழைய வீட்டு ஆர்கனில் இருந்து கழற்றிய 13 கட்டைப் பலகை. ஒரு ஸ்தாயியோடு முடிந்துபோகும். தேவாலய ஆர்கன் பெடலில் 30 அல்லது 32 கட்டை இருக்கும், இதில் பாதிப் பாட்டுக்கு வலது கால் போக இடமில்லை. (காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினால் இதைவிட உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.) தாளில் இருந்த ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது சத்தத்தை வெளியே அனுப்பும் தனிப் பெட்டி, வரவே இல்லை, சத்தம் மதர்போர்டில் இருந்தே வந்தது. பஃபர், அதாவது சத்தத்தை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கும் அளவு, 1024 சாம்பிள். நொடிக்கு 48,000 சாம்பிள் என்று கணக்குப் போட்டால் அதிலேயே சுமார் 21 மில்லி செகண்ட் தாமதம். மற்றவையும் சேர்ந்தால் விரல் முன்னே போக, சத்தம் பின்னே வருகிறது. 256 வைத்தால் 5 சொச்சம்தான். ஆனால் அந்த மெஷினில் 256 வைத்தால் படபடவென்று வெடித்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இலவச சாப்ட்வேரை நிறுவிக் கொடுத்துக் கூலி வாங்குவது தப்பில்லை. கிராண்ட்ஆர்க் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வருவது, காசுக்குக் கொடுப்பதைக்கூட அந்த உரிமம் தடுக்காது. "இலவச சாப்ட்வேர்தான் சார், நிறுவி, ட்யூன் பண்ணித் தர பத்தாயிரம்" என்று கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். இல்லாத லைசென்ஸுக்குப் பணம் வாங்கியதுதான் மோசடி.

தேவகோட்டைக்காரர்கள் முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். எந்த சாப்ட்வேர், எந்த ஊர் ஆர்கன் என்று பெயரோடு தாளில் எழுதி வாங்குங்கள். 'ஐரோப்பிய' என்பது பெயர் அல்ல. ஹாப்ட்வெர்க் என்றால் அதன் லைசென்ஸ் ஐலாக் என்ற ஆன்லைன் உரிமக் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு பங்கின் பெயரில் இருக்குமா, அவர் பெயரில் இருக்குமா என்று கேளுங்கள். ஹாப்ட்வெர்க்குக்கென்று பூட்டிய செட் கிராண்ட்ஆர்க்கில் திறக்காது, ஆகவே "இரண்டிலும் அதே சவுண்டு" என்ற பேச்சே வேண்டாம். வீடியோவை நம்பாமல், கொண்டுவரப் போகிற மெஷினிலேயே ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ஒரு கட்டையை வெடுக்கென்று தட்டி எடுங்கள், அதையே நான்கு எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இரண்டு தடவையும் எதிரொலியின் வால் ஒரே நீளம் இழுத்தால், அந்தச் செட்டில் பல ரிலீஸ் இல்லை, அல்லது இருந்தும் ஏற்றவில்லை. கூடவே டாஸ்க் மேனேஜரையும் திறக்கச் சொல்லுங்கள். திறக்கத் தயங்கினால் முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு சாமானும் தனி வரியாக வர வேண்டும். எனக்குக் கொடுத்தது 'ஆர்கன் செட் 1' என்ற ஒரே வரி.

நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பதிவு செய்தேன். அதில் அவர் பதில் சொல்லாததால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019 சட்டப்படி, விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொட்டேஷன் தாள், வாட்ஸ்அப் உரையாடல், பணம் போன வங்கிக் கணக்கு விவரம், செட்டிங்ஸ் திரையின் படம் எல்லாம் சேர்த்திருக்கிறேன்.

இதற்கிடையில் அந்தத் தம்பி அவன் வீட்டு மெஷினைக் கொண்டுவந்தான், 32 ஜிபி இருக்கிறது. அதே ஃப்ரீசாக் செட்டை 24 பிட், ஸ்டீரியோ, எல்லா ரிலீஸும் என்று வைத்து ஏற்றினோம். வளவில், கார்ப்பெட் இல்லாமல், ஜன்னலைத் திறந்துபோட்டு வாசித்தேன். வேகமான இடங்களிலும் சுரம் சுரமாகப் பிரிந்து கேட்டது. அதைப் பதிவு செய்து, பழைய மெஷினில் எடுத்த பதிவோடு சேர்த்துப் புகாரில் வைத்தாயிற்று.

இதே தாள் வேறு யாருக்காவது வந்திருந்தால் தகவல் தாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இருந்தால் செட்டிங்ஸ் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், ஆணையத்தில் சேர்ந்தே கொடுக்கலாம்.