கீழக்கரை தொதல் மெல்போர்ன் வரைக்கும் போச்சு
லாத்தா (அக்கா) குடும்பம் மெல்போர்ன் போயி எட்டு மாசமாச்சு, ஜனவரி கடைசில ஸ்கூல் சேந்த மருமகன் இப்பத்தான் பழகுறான், ஊர் நெனப்பு வந்தா லாத்தா கேக்குறது தொதல்ங்குற அல்வா மாதிரி இனிப்புதான். மச்சான் லீவு முடிஞ்சு திரும்பயில கீழக்கரைல வழக்கமா வாங்குற கடைலயே ரெண்டு கிலோ வாங்குனோம். தேங்காப்பாலும் கருப்பட்டியும் நல்லா சுண்டி, வெட்டுனா கத்தில ஒட்டாம ஓரத்துல எண்ணெய் கசிஞ்சு நிக்கும்ல, அந்தப் பக்குவம் அப்படியே இருந்துச்சு. பேக்கிங்தான் சரியில்ல, மூடி வழியா எண்ணெய் ஒழுகி ரெண்டு சட்டை போச்சு, வெளிநாட்டுக்குன்னு சொல்லியும் இப்படித் தந்தா எப்படி. ஆஸ்திரேலியாவுல எறங்கயில குடுக்குற கார்டுல சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு மறைக்காம டிக் போடுங்க, மச்சான் போட்டாங்க, பாத்துட்டு விட்டுட்டாங்க. அப்ப அங்க நம்ம ஊரவிட நாலரை மணி நேரம் முன்னாடி, நாங்க அதிகாலை பஜ்ரு தொழுகைக்கு எந்திரிக்கயில லாத்தா வீடியோ கால்ல தொதல வாயில போட்டுக்கிட்டே அழுதுச்சு.