ரிச்சி தெருவில் நிதானமாக வேலை செய்யும் ஒரு ஹார்டு டிஸ்க் கடை

சொருகியவுடன் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கத் தொடங்கிய எங்கள் வெளிப்புற ஹார்டு டிஸ்கை, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் கொடுத்தோம். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் ‘ஆம்’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதையே அங்கிருந்த டெக்னீஷியன் முதலில் வலியுறுத்தினார். பல கடைகளில் டிஸ்க் கைக்கு வந்ததுமே விண்டோஸின் செக்டிஸ்கை (chkdsk) ஓட்டிவிடுகிறார்கள்; அது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்தும் கருவியே தவிர, தரவை மீட்கும் கருவியன்று. பழுதான செக்டார்கள் (தரவு பதியும் சிறு பகுதிகள்) உள்ள டிஸ்கில் அதை ஓட்டினால் மிச்சமிருப்பதும் சிதையக்கூடும். இவர்களோ முதலில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்து வைக்கும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையைப் பார்த்து, டிஸ்க் முழுவதையும் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற பிரதியெடுக்கும் மென்பொருளைக் கொண்டு வேறொரு டிஸ்கில் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் மட்டுமே சேதத்தை ஆராய்ந்தார்கள். பார்ட்டிஷனின் (டிஸ்கில் பிரித்த பகுதியின்) அமைப்பு விவரங்களைக் கொண்ட முதல் செக்டாரான பூட் செக்டார் கெட்டிருந்ததால், அந்தப் பார்ட்டிஷனின் இறுதியில் விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் (NTFS) வைத்திருக்கும் அதன் நகலைக் கொண்டு சரிசெய்தார்கள். கோப்புறைகள் பெயர்கூட மாறாமல் திரும்பக் கிடைத்தது மிகுந்த நிம்மதியைத் தந்தது. கட்டணத்தை முன்கூட்டியே எழுதித் தந்ததும் பாராட்டுக்குரியது. மாடிப்படி குறுகலானது, உட்கார இடமில்லை, முதியவர்கள் சிரமப்படுவார்கள். பிரதியெடுக்கவே நெடுநேரம் ஆகும் என்பதால், அன்றைக்கே வேண்டுமென்று அவசரப்படுவோருக்கு இக்கடை பொருந்தாது.