தருமபுரி ஞாயிறு ஸ்பானிஷ் வகுப்பு: இறந்தகாலப் பாடம் எப்படி?

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் ஸ்பானிஷ் வகுப்பில், தற்சுட்டு வினைகளின், அதாவது செய்பவரையே திரும்பச் சுட்டும் வினைகளின், இறந்தகாலப் பாடத்துக்காகவே சேரலாம். கையில் கொடுக்கும் அச்சுத்தாளை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

‘லெவந்தார்சே’ என்ற சொல்லில் பாடம் தொடங்குகிறது. எழுந்திருப்பது என்று பொருள். கடைசி ‘சே’யைக் கழற்றி, ஆளுக்கேற்ப மாற்றி முன்னால் வைக்க வேண்டும். ‘ஆர்’ஐ வெட்டிவிட்டு விகுதி சேர்க்க வேண்டும். மே லெவந்தே, எழுந்தேன். தே லெவந்தாஸ்தே, எழுந்தாய். சே லெவந்தோ, எழுந்தான். நோஸ் லெவந்தாமோஸ், எழுந்தோம். சே லெவந்தாரோன், எழுந்தார்கள். ஸ்பெயினில் மட்டும் ‘ஓஸ் லெவந்தாஸ்தேய்ஸ்’ உண்டு. லத்தீன் அமெரிக்காவில் யாரும் சொல்வதில்லை. ‘இல்லை’க்கு வரும் ‘நோ’, ‘மே’க்கும் முன்னால்: நோ மே லெவந்தே.

விளக்கம்தான் அருமை. ‘பாப்பாவுக்குத் தலை சீவினேன்’, ‘தலை சீவிக்கிட்டேன்’ இரண்டையும் பலகையில் எழுதி, அந்தக் ‘கிட்டேன்’தான் ‘மே’ என்கிறார் ஆசிரியர்: பெய்னே ஆ லா நீன்யா, மே பெய்னே. சட்டென்று பிடிபடுகிறது. ஆனால் இதையே எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது. ‘எழுந்தேன்’இல் ‘கிட்டேன்’ கிடையாது. ஸ்பானிஷில் ‘மே’ கட்டாயம். அதை விட்டு வெறும் ‘லெவந்தே’ என்றால் ‘தூக்கினேன்’ ஆகிவிடும், எதைத் தூக்கினாய் என்று கேட்பார்கள். கை கழுவியதற்கு நாம் ‘என் கை’ என்பதில்லை. அங்கும் ‘மே லவே லாஸ் மானோஸ்’தான், ‘மிஸ் மானோஸ்’ வராது.

இனி தாளின் குறைகள். ‘லெவந்தே’, ‘லெவந்தோ’ இரண்டிலும் கடைசி உயிரெழுத்தின் மேல் வர வேண்டிய சாய்கோடு அச்சில் விழவே இல்லை. அந்தக் கோடுதான் அழுத்தம் கடைசி அசையில் என்று காட்டுவது. அழுத்தம் நடு அசைக்கு நகர்ந்தால் ‘மே லெவாந்தோ’, அதாவது ‘எழுகிறேன்’. பேனாவால் போட்டுக்கொள்ளுங்கள்.

‘நோஸ் பன்யாமோஸ் என் ஒகேனக்கல்’ எந்தக் காலம் என்று ஒரு கேள்வி. குளிக்கிறோம், குளித்தோம் இரண்டுக்கும் அதே வடிவம்தான்; ‘ஆயேர்’, அதாவது ‘நேற்று’, சேர்த்தால்தான் விடை உண்டு.

பெரிய பிழை, உடுத்துவதைக் குறிக்கும் ‘வெஸ்தீர்சே’யை ஒழுங்கான வினைப் பட்டியலில் வைத்தது. படர்க்கையில் அது ‘சே விஸ்தியோ’ என்று வேரே மாறும். ‘ஈர்’ முடிவுக்கு, சலிப்படைவதைக் குறிக்கும் ஒழுங்கான ‘அபுர்ரீர்சே’யை எழுதிப் பழகுங்கள்: மே அபுர்ரீ, தே அபுர்ரீஸ்தே, சே அபுர்ரியோ.