அல்சூர் வார இறுதி நிரலாக்க வகுப்பு: ஜாவாவுக்குச் சேரலாம், பைத்தானுக்கு வேண்டாம்

பெங்களூரு அல்சூரில் தமிழிலேயே விளக்கி நடத்தப்படும் இந்த வகுப்பில், பொருள்நோக்கு நிரலாக்கத்தின் (தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகக் கட்டி எழுதும் முறை) தரவு மறைப்புப் பகுதிதான் மிகத் தெளிவாக அமைந்திருக்கிறது. வங்கிக் கணக்கு என்னும் கிளாஸில் (தரவும் அதற்கான செயல்களும் அடங்கிய நிரல் வார்ப்பு) இருப்புத் தொகையை பிரைவேட், அதாவது கிளாஸுக்கு வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாதது, என அறிவித்து, அதை மாற்றும் உரிமையைப் பணம் போடும், எடுக்கும் மெத்தடுகளிடம் (கிளாஸுக்குள் எழுதப்படும் செயல்கள்) மட்டும் விட்டால், இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி தடுக்கும் விதியை ஒரே கிளாஸுக்குள் எழுதினால் போதும் என்பதை ஆசிரியர் ஜாவாவில் படிப்படியாகக் காட்டுகிறார். எல்லாவற்றுக்கும் கெட்டர் (மதிப்பை வெளியே தரும் மெத்தட்), செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) எழுதித் தள்ளும் பழக்கத்தை அவர் கண்டிப்பது எனக்குப் பிடித்தது. கண்மூடித்தனமாகச் செட்டர் வைத்தால் பிரைவேட் என்று எழுதியதே வீண்தான். பிரைவேட் பட்டியலைக் கெட்டர் அப்படியே திருப்பித் தந்தால் வெளியிலிருந்து அதில் சேர்க்கவும் நீக்கவும் முடியும் என்பதால், அதன் நகலையோ மாற்ற இயலாத வடிவத்தையோ தர வேண்டும் என்றும் விளக்குகிறார். பைத்தான் பகுதி அவசரமாக முடிகிறது: பெயருக்கு முன் இடும் இரட்டை அடிக்கோடு அப்பெயரை உள்ளுக்குள் உருமாற்றுகிறதே தவிர, அணுகலைத் தடுப்பதில்லை என்பது சொல்லப்படவே இல்லை. அறை சிறியது, பின்வரிசைக்குத் திரை சரியாகத் தெரியாது. கட்டணம் நியாயமானதே.