மெரினா நீச்சல் குளமும் எங்கள் பேட்டை ஜிம்மும்: ஒரு திருவல்லிக்கேணிக்காரனின் அனுபவம்

நீச்சல் கற்றுக்கொள்ள எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் மெரினா நீச்சல் குளத்தைத்தான் சொல்வேன். போட்டிக்குத் தயாராக வேண்டும் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். அவர்கள் வேளச்சேரிக்குப் போகட்டும். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய 50 மீட்டர் குளம் அங்கே இருக்கிறது.

மெரினா குளம் 1940களைச் சேர்ந்தது, மாநகராட்சியுடையது. நீளமான குளம், ஆழம் அதிகமில்லை. புதிதாகக் கற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பயம் வந்தால் நின்றுகொள்ளலாம். நான் நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தத்தளித்த என்னைப் பார்த்து, பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தம்பி, தண்ணிக்குள்ள மூச்சை வெளிய விடுப்பா, பிடிச்சு வைக்காதே" என்றார். அந்த ஒரு வரியில்தான் எனக்கு நீச்சல் வந்தது. அதற்கு முன் வேறொரு இடத்தில் பயிற்சிக்கென்று நிறையப் பணம் கட்டியிருந்தேன், அது வீண்.

எதிரே கடல் இருக்கும்போது குளம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்தக் கடலில் இறங்கிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். சில அடி தூரத்திலேயே தரை சரியும், அலை திரும்பும்போது காலை வாரி இழுக்கும். 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் கரை இவ்வளவு அகலமானது. மணல் நல்லது, கடல் அப்படியில்லை.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். 'குளோரின் நாற்றம்' என்று நாம் மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் குளோரின் மட்டுமல்ல. நம் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த வாடை, கண் எரிச்சலுக்கும் அதுவே முக்கியக் காரணம். அதனால் இறங்கும் முன் உடம்பு முழுக்க நன்றாகக் குளித்துவிடுங்கள். தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7.2லிருந்து 7.8க்குள் இருந்தால் குளோரின் ஒழுங்காக வேலை செய்யும். முன்பு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பளபளப்பான குளத்துக்கு நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். வெளியே வந்து சாயங்காலம் வரை கண் சிவந்திருந்தது. டைல்ஸைப் பார்த்து மயங்கக் கூடாது.

குளத்துக்குப் போகும் முன் ஜிம். ஏசி ஜிம் இல்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, தாத்தா காலத்திலிருந்து இருக்கும் உடற்பயிற்சிக் கூடம். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். உள்ளே அனுமார் படம், ஒரு மூலையில் கையில் பிடித்துச் சுற்றும் கனமான மரக் கர்லாக்கட்டைகள், பெயின்ட் உரிந்த இரும்புத் தட்டுகள். தட்டில் எழுதிய எடை அழிந்துபோனதால் புதிதாக வருகிறவன் யாரையாவது கேட்டுத்தான் தூக்க வேண்டும். அதுவும் நல்லதுதான், இல்லாவிட்டால் முதல் நாளே தோளைக் கெடுத்துக்கொள்வான்.

வாத்தியார் யாரையும் நேராக இரும்புப் பக்கம் விடமாட்டார். முதலில் தண்டால், பஸ்கி, அப்புறம் கர்லாக்கட்டை. எனக்கு அது சலிப்பாக இருந்தது உண்மை. ஆனால் கர்லா சுற்றப் பழகிய பிறகு ஃப்ரீஸ்டைல் நீச்சலில் கை தானாகத் திரும்ப ஆரம்பித்தது. தோள்மூட்டு முழு வட்டமாகச் சுற்றிப் பழகுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உட்கார்ந்தே வேலை பார்க்கிற என் போன்றவர்களுக்கு மேல்முதுகு இறுகிக்கிடக்கும்; அதை இளக்கவும் இது உதவியது. குறை என்றால், பெண்களுக்கு அங்கே தனி நேரமே இல்லை. என் மகள் ஆர்வமாகக் கேட்டாள், வாத்தியார் தலையைச் சொறிந்தார். இந்தக் காலத்தில் அது பெரிய குறை.

இரண்டும் ஒரே நாளில் என்றால் வரிசை முக்கியம்: ஜிம் முதலில், குளம் பிறகு. இரும்பு தூக்கிய உடம்பு தண்ணீரில் இளகும். மாற்றிச் செய்தால் களைத்த கையோடு எடை தூக்க வேண்டியிருக்கும். நடுவில் வாழைப்பழம் போதும். பாரதி சாலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு நேராகக் குளத்தில் இறங்காதீர்கள், வயிறு கலக்கும்.

நைலான் நீச்சல் உடை எடுத்துப் போங்கள், பருத்தி டிராயர் தண்ணீரில் கனத்து இழுக்கும். பெண்கள் குளத்துக்குக் கிளம்பும் முன் அவர்களுக்கான நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் நெருக்கும். அப்போது நான் ஜிம்மோடு நிறுத்திக்கொண்டு, பள்ளி திறந்த பிறகுதான் மறுபடி தண்ணீரில் இறங்குவேன்.