எமரால்ட் கட் வைர மோதிரம்: ஏழெட்டு வருடம் போட்டுப் பார்த்ததில்

வைரம் வாங்கப் போகிறவர்களுக்கு எடை, நிறம், தெளிவு, கட் (பட்டை தீட்டிய நேர்த்தி) என்று நான்கு விஷயங்களை எல்லாரும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வட்டக் கல்லுக்கு அது போதும். எமரால்ட் கட் என்றால் போதாது, ஏனென்றால் அந்த நான்காவது விஷயத்தைப் பற்றிச் சான்றிதழ் கிட்டத்தட்ட வாயே திறக்காது. நான் ஏழெட்டு வருடமாக ஒரு எமரால்ட் கட் மோதிரத்தை அனேகமாகத் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறேன். 71 சென்ட் (நூறு சென்ட் ஒரு கேரட் எடை), ஜி நிறம் (கிட்டத்தட்ட நிறமற்றது), விஎஸ்1 தெளிவு (உள்ளே மிகச் சிறிய குறைகள் மட்டும்), 18 கேரட் மஞ்சள் தங்கத்தில், கல்லின் அடி திறந்திருக்கும் ஓப்பன் செட்டிங். இந்தக் கட் எனக்கு உயிர். ஆனாலும் எல்லாருக்கும் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் இது எப்படிப்பட்ட கட் என்று பார்த்துவிடலாம். நீளச்சதுரக் கல், நான்கு மூலைகளையும் சாய்த்து வெட்டியிருப்பார்கள். மரகதம் எளிதில் உடைகிற கல் என்பதால் அதன் மூலைகளைக் காப்பாற்றப் பிறந்த வடிவம், பிறகு வைரத்துக்கும் வந்தது. வட்டக் கல்லில் 57 அல்லது 58 பட்டைகள், பெரும்பாலும் முக்கோணமாகவும் காற்றாடி வடிவத்திலும், ஒளியைப் பொடிப்பொடியாக உடைத்துத் தெறிக்க விடும்படி அமைந்திருக்கும். எமரால்ட் கட்டில் பட்டைகள் நீளநீளமாக, ஓரத்துக்கு இணையாக, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்கும். மேலிருந்து பார்த்தால் தெப்பக்குளத்துப் படிகளைக் கரையில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும், தண்ணீர் தெளிவாக இருந்தால் கடைசிப் படி வரை தெரியும் அல்லவா, அப்படி. கையைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு படி முழுசாகப் பளீரென்று வெளுக்கும், பக்கத்துப் படி கறுத்துவிடும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் இடம் மாறும். இந்தக் கறுப்பு வெள்ளை மாற்றம்தான் இந்தக் கட்டின் அழகு. மினுமினுப்பு இதன் வேலையே இல்லை.

இதை முன்கூட்டியே மனசில் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். என் அம்மா மோதிரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னடி, இது டாலே அடிக்கலையே, இதுக்கா இவ்வளவு குடுத்தே?” என்றார். அம்மா காதில் இருப்பது ஏழுகல் தோடு, கூடத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் டாலடிக்கும். அந்தக் கண்ணோடு பார்த்தால் எமரால்ட் கட் மங்கல்தான். அம்மா சொன்னதில் தப்பே இல்லை, அவர் வைரத்திடம் எதிர்பார்ப்பது வேறு, நான் எதிர்பார்த்தது வேறு.

சரி, தேர்ந்தெடுக்கும் விஷயம். நான் விரிவாக எழுத நினைத்ததே இதைத்தான்.

வட்டக் கல்லுக்கு 1919-லேயே மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டு, கல்லின் மேல்பகுதி 34.5 டிகிரி, அடிப்பகுதி 40.75 டிகிரி சாய்வில் இருந்தால் ஒளி நன்றாகத் திரும்பி வரும் என்று சொல்லிவிட்டார். அந்த அடிப்படையிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சியால் இன்று வட்டக் கல்லுக்கு கட் தரம் கொடுக்க முடிகிறது, வைரங்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க ஆய்வகமான ஜிஐஏ 2006 முதல் கொடுக்கிறது. ஆனால் அந்தத் தரம் வட்ட பிரில்லியன்ட் கல்லுக்கானது. எமரால்ட் கட்டுக்கான ஜிஐஏ சான்றிதழை எடுத்துப் பாருங்கள், பாலிஷ், சிமெட்ரி என்று இரண்டு வரி இருக்கும், இரண்டிலும் எக்ஸலென்ட் என்றுகூட இருக்கும். நான் போன ஒரு கடையில் விற்பனைப் பையன் அந்த எக்ஸலென்ட்டை விரலால் தொட்டுக் காட்டி, “கட்டும் எக்ஸலென்ட்தான் மேடம்” என்றான். அது கட் தரம் கிடையாது. பட்டைகள் வழவழப்பாக இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். உள்ளே போன ஒளி திரும்பி வருகிறதா, அடி வழியாக ஒழுகிவிடுகிறதா என்று அந்த இரண்டு வரி சொல்லாது.

ஒழுகுவது என்றால் என்ன? வைரத்துக்குள் போன ஒளி அடிப்பட்டையில் படும்போது, பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து பட்டால் வெளியே போக முடியாமல் முழுசாக உள்ளே திரும்பிவிடும். அதற்கும் குறைவான சாய்வில் பட்டால் பெரும்பகுதி அடி வழியாக வெளியே போய்விடும். அடிப்பகுதி தட்டையாக வெட்டப்பட்ட எமரால்ட் கட்டில் இதுதான் நடக்கிறது, நடுவில் ஜன்னல் திறந்த மாதிரி ஒரு வெற்றிடம் தெரியும். கல்லை அச்சடித்த காகிதத்தின் மேல் முகம் மேலே பார்க்க வைத்து நேராகப் பாருங்கள். நடுவில் எழுத்தோ காகிதத்தின் வெண்மையோ அப்படியே தெரிந்தால் அந்தக் கல் வேண்டாம். எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: பட்டை தீட்டுபவர் எடையைக் காப்பாற்ற அடியைத் தடிமனாக விட்டுவிடுவார். அப்போது சென்ட் கணக்கு அதிகம் காட்டும், மேலிருந்து பார்த்தால் கல் சின்னதாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத வயிற்றுக்குக் காசு கொடுக்கிறோம்.

என் கல் 6.2 மில்லிமீட்டர் நீளம், நான்கரைக்குச் சற்றுக் குறைவான அகலம், அதாவது நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.4-க்கு அருகில். 1.3-லிருந்து 1.5 வரை பெரும்பாலானோருக்குப் பிடிக்கும், அது அவரவர் விரலைப் பொறுத்தது. ஆழம் அகலத்தில் 66 சதவீதம். நான் 62-க்கும் 68-க்கும் நடுவில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக் காட்டச் சொன்னேன். எண்கள் இவ்வளவுக்குத்தான் உதவும், பத்துக் கல்லை மூன்று நான்காகக் குறைக்கலாம். அதற்கு மேல் கண்தான். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தெளிவு என்று சான்றிதழில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்த இரண்டு கற்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒன்று உயிரோடு இருந்தது, இன்னொன்று செத்துக் கிடந்தது.

பார்க்கும் இடமும் முக்கியம். நகைக்கடையின் மேற்கூரையில் குட்டிக் குட்டி எல்இடி விளக்குகளை ஏராளமாகப் பதித்திருப்பார்கள், அதன் கீழே எந்தக் கல்லும் மின்னும். வாசல் பக்கம் கொண்டுபோய் நிழலான பகல் வெளிச்சத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள். நான் கேட்டபோது முகம் சுளித்தார்கள், காவலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விட்டார்கள். பரவாயில்லை, அந்த ஐந்து நிமிடத்தில்தான் கல்லைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்க்கும்போது நம் தலையின் நிழலே கல்லுக்குள் கறுப்பாக விழும், அது இந்த வடிவத்தில் இயல்பு. கையை லேசாக அசைத்தவுடன் அந்தக் கறுப்பு நகர வேண்டும். அசைத்தும் நகராமல் நடுவிலேயே உட்கார்ந்திருந்தால் வேண்டாம்.

தெளிவு விஷயத்தில் எமரால்ட் கட்டுக்குக் கருணையே கிடையாது. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரக் குற்றங்களை நம் பழைய இலக்கியமே பிரித்து அடுக்கியிருக்கிறது, அந்த நான்கும் எமரால்ட் கட்டில் அப்பட்டமாகத் தெரியும். வட்டக் கல்லின் தெறிப்பில், விஎஸ்-ஐவிடத் தெளிவு குறைந்த எஸ்ஐ1 கல்லின் புள்ளி பெரும்பாலும் மறைந்துவிடும். இதில் மேல்தட்டு பெரியது, பட்டைகள் அகலம், ஒளிந்துகொள்ள இடமில்லை. அதைவிட மோசம், சில இடத்தில் இருக்கும் ஒரே ஒரு புள்ளி அடிப்பட்டைகளில் பிரதிபலித்து நான்கைந்தாகத் தெரியும். அதனால் விஎஸ்1 அல்லது அதற்கு மேல் என்பது என் அபிப்பிராயம், விஎஸ்2 என்றால் புள்ளி ஓரத்தில் இருக்கிறதா என்று லூப்பில் (நகைக்கடை உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்த்துவிட்டுத்தான். ஆனால் அதற்கும் மேலான விவிஎஸ் தெளிவு வரை போக வேண்டிய கட்டாயம் இல்லை. நம் ஊர்க் கடைகளில் ஈ-எஃப் (ஜி-யைவிட வெண்மையான நிறம்) விவிஎஸ் என்பதை மந்திரமாகச் சொல்கிறார்கள். மஞ்சள் தங்கத்தில் பதிக்கிற கல்லுக்கு ஜி, ஹெச் நிறமே தாராளம், அதில் மிஞ்சுகிற காசை நல்ல கட் உள்ள கல்லில் போடலாம். வெள்ளைத் தங்கமோ பிளாட்டினமோ என்றால் ஒரு படி மேலே போங்கள், படிப்பட்டை மஞ்சளை மறைக்காது.

இனி தினசரிப் பாடு. வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் அப்படி ஒரு ஈர்ப்பு, தண்ணீர் ஒட்டாது, பிசுக்கு ஒட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டு வந்தால் போதும், கல் கண்ணை மூடிக்கொள்ளும். வட்டக் கல்லும் அழுக்காகும், ஆனால் ஓரளவு தாங்கும். எமரால்ட் கட்டில் அடிப்பட்டையில் மெல்லிய படலம் படிந்தாலே ஒளி ஒழுக ஆரம்பித்து, நடுவில் சாம்பல் பூத்துவிடும். அது கல்லின் குறையல்ல, கழுவினால் சரியாகிவிடும். நான் செய்வது இவ்வளவுதான்: ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், கொஞ்சம் ஊறவிட்டுக் குழந்தைகளின் மிருதுவான பல்துலக்கியால் பின்பக்கமாகத் தேய்ப்பது. முன்பக்கத்தை மட்டும் துடைத்துப் பிரயோசனமில்லை, அழுக்கு சேர்வது அடியில். ஸிங்க் தொட்டியில் நேரடியாகக் கழுவாதீர்கள், கை நழுவினால் போச்சு. ப்ளீச் கலந்த எதிலும் போடாதீர்கள், 18 கேரட் தங்கத்தில் கலந்திருக்கும் மற்ற உலோகங்களை அது அரிக்கும். மாவு பிசையும்போதும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும் கழற்றிவிடுவேன். கழற்றினால் தனியாக ஒரு துணிப் பையில், ஏனென்றால் வைரத்தைக் கீறக்கூடியது வைரம்தான், தோட்டோடும் மூக்குத்தியோடும் ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றை ஒன்று பதம் பார்த்துவிடும்.

கடினம் வேறு, உடையாமல் இருப்பது வேறு. வைரத்துக்குள் பிளவு படக்கூடிய திசைகள் நான்கு உண்டு, அந்தத் திசையில் ஓர் அடி விழுந்தால் சில்லு பெயரும். என் நாத்தனாரின் பிரின்சஸ் கட் (சதுரக் கல்) மோதிரத்தில் கூர்மையான மூலை ஒன்று கிரானைட் மேடையில் இடித்து இப்படித்தான் போயிற்று. எமரால்ட் கட்டில் மூலை மழுங்கியிருப்பதால் அந்த ஆபத்து குறைவு. என் கையும் கிரைண்டரிலும் அண்டாவிலும் இடித்திருக்கிறது, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கல்லைப் பிடித்திருக்கும் நான்கு தங்கக் கால்கள் தேய்கின்றன. ஒரு முறை பட்டுப்புடவை முந்தானையில் மாட்டி இழை இழுத்தபோதுதான் ஒரு கால் நிமிர்ந்திருப்பது தெரிந்தது, தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து அழுத்திக்கொண்டேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது காட்டிவிடுங்கள். காதருகே வைத்து விரலால் தட்டும்போது கல் லேசாகக் கடகடத்தால் அன்றைக்கே கழற்றி வைத்துவிட வேண்டும்.

விலையில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. கச்சாக் கல்லில் வட்டத்துக்குப் போகும் சேதாரத்தைவிட இதற்குப் பொதுவாகக் குறைவு, வட்டக் கல்லுக்கு இருக்கிற கிராக்கியும் இதற்கு இல்லை. அதனால் அதே தரத்தில் சென்ட் விலை பெரும்பாலும் குறைவாகவே வரும். ஆனால் மாற்றப் போனால் அதே கிராக்கிக் குறைவு நமக்கு எதிராக நிற்கும். நான் சும்மா விசாரித்துப் பார்த்த கடைகளில், வாங்கிய கடை தவிர மற்றவர்கள் ஆர்வமே காட்டவில்லை. எனவே திரும்ப எடுத்துக்கொள்ளும் விதிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், “ரவுண்டுக்கு மட்டும்” என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்குகிறவர்களுக்கும் கட் பற்றி நான் சொன்ன அத்தனையும் பொருந்தும், ஒளி இரண்டிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

யாருக்கு வேண்டாம் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. தோட்டுக்கும் மூக்குத்திக்கும் எமரால்ட் கட் வாங்க மாட்டேன். அவற்றைத் தூரத்திலிருந்து மற்றவர்கள்தான் பார்க்கிறார்கள், அங்கே டாலடிக்கும் வட்டக் கல்லுக்குத்தான் மரியாதை. தோட்டில் ஒரு கல் தொலைந்தால் அதே நீள அகலத்தில் ஜோடி சேர்ப்பதும் பெரும்பாடு. மோதிரம் அப்படியில்லை, அதை அதிகம் பார்ப்பது போட்டிருப்பவர், அதுவும் அரையடி தூரத்திலிருந்து. மோதிரத்திலும் 30 சென்ட்டுக்குக் கீழே போனால் படிகள் அத்தனை மெல்லியதாகிவிடுகின்றன, இறங்கிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பட்ஜெட் அவ்வளவுதான் என்றால் அதே காசுக்கு நல்ல கட் தரமுள்ள வட்டக் கல்லாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.