கே.எல்.சி.சி. பூங்கா நடைதடம்: தரை சரி, காலில் என்ன?

கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே பிரேசில் நிலவடிவமைப்பாளர் ரொபெர்த்தோ பர்லே மார்க்ஸ் வடிவமைத்த 50 ஏக்கர் கே.எல்.சி.சி. பூங்கா. வருகிறவர்கள் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். நடக்க வருபவர்களுக்கோ விஷயம் கீழே இருக்கிறது: 1.3 கிலோமீட்டர் ரப்பர் தடம். காசு கிடையாது, எல்.ஆர்.டி. ரயிலில் வந்து இறங்கினால் பக்கம்.

கோலாலம்பூர் நடைபாதைகளில் பெயர்ந்த கல், சாக்கடை மூடி, ஏற்ற இறக்கம் என்று கணுக்காலுக்கு ஓயாத வேலை. இங்கே அந்தத் தொல்லை குறைவு. சிமெந்துத் தரையில் குதிகாலில் விழும் அடியை ரப்பர் ஓரளவு வாங்கிக்கொள்கிறது. பேச வரும், பாட வராது என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 15 நிமிடம். தினம் 2 சுற்று, வாரம் 5 நாள் என்றால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் சேர்ந்துவிடும்.

குறை? சாயங்காலக் கூட்டம். முன்னால் போகிறவர் செல்ஃபிக்காகச் சட்டென்று நிற்பார், நாம் ஒதுங்கும்போது கணுக்கால் மடங்கும். காலைதான் நல்லது. தடம் வளைந்து வளைந்து போவதால் ஒரே திசையில் சுற்றாமல் நாள்விட்டு நாள் திசை மாற்றுங்கள்.

ஆனால் தடத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. சிலிப்பரில் நடந்தால் அது கழன்று போகாமலிருக்க விரல்கள் ஒவ்வோர் அடிக்கும் இறுக்கிப் பிடிக்கும். 2 சுற்றில் பாதம் வலிக்கும். சப்பாத்தைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரு முனையையும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். குதிகால் வழுக்கினால், பலரும் சும்மா விட்டுவிடும் மேல் கடைசித் துளையிலும் கயிற்றைக் கோத்துக் கட்டிப் பாருங்கள்.

'நல்லது, பத்திரமாக இருக்கட்டும்' என்று பெட்டியில் பூட்டி வைத்த சப்பாத்துதான் இந்த ஊரில் சீக்கிரம் போகும். பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, ஒருநாள் நடுத்தடத்தில் பிஸ்கட் மாதிரி உதிரும். போட்டு நடப்பதே மேல். 500 முதல் 800 கிலோமீட்டரில் மாற்றுங்கள். வாரம் 5 நாள், 2 சுற்று நடப்பவருக்கு முதல் 500 வர சுமார் ஒன்பது மாதம் ஆகும்.

காட்டன் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் போடும். செயற்கை இழை கலந்தது நல்லது. நடந்து முடித்ததும் விரலிடுக்கைத் துடைக்காவிட்டால் சேற்றுப்புண் வரலாம்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள், நம்மவர்களில் அப்படி நிறையப் பேர், சப்பாத்தைத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மரத்துப்போன காலுக்குச் சிறு கல் குத்துவது தெரியாது. வெள்ளைக் காலுறை போட்டால் இரத்தக்கசிவு உடனே கண்ணில் படும். கொப்புளத்தை ஊசியால் குத்தாமல் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போங்கள். வெறுங்காலில் கூழாங்கல் பாதை நடக்கும் ஆசையும் இவர்களுக்கு வேண்டாம்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் சுளீரென்றால் ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். சுவரில் கை ஊன்றி, பின்காலை நீட்டி, குதிகால் தரையை விட்டுத் தூக்காமல் 30 விநாடி நில்லுங்கள், காலுக்கு 3 முறை. சில வாரம் செய்தும் வலி அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.